வியன்னாவில் வந்த பதில் கூவல்

பேய் பிசாசுக் கதையை யாராவது எடுத்தால் நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். தேவிகுளத்துக்கு மேலே தேயிலைக் காட்டில் வயசுக்காலம் முழுக்கக் கொழுந்து எடுத்தவள் நான். விடியுமுன் இருட்டில் நடந்திருக்கிறேன், ஆனை போட்ட லத்தி ஆவி பறக்கக் கிடக்கும், அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யார் செத்தாலும் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஒரு நாளும் ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. பட்டது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால், பாவம், சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இப்போது நானே ஒன்றைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, வேறு யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

நடந்தது பட்டப்பகலில், வியன்னா என்கிற ஊரில், ராஜா வாழ்ந்த அரண்மனைத் தோட்டத்தில்.

என் மகள் ஜெசி அங்கே நர்ஸ். லயத்தில் பிறந்த பிள்ளை, கோட்டயத்தில் நர்சிங் படித்து, அந்த ஊர்ப் பாஷையையும் படித்து எழுதிப் போனவள். மருமகன் சேவியர் உடும்பஞ்சோலைக்காரர், ஏலக்காய்த் தோட்டத்துக் குடும்பம், அங்கே ஒரு ஓட்டல் சமையல்கட்டில் வேலை பார்க்கிறார். அவர்களுக்கு ஒரு ஆண் பிள்ளை வயிற்றில் ஏழு மாசம் இருந்து, இறந்தே பிறந்தது. ஜெசி ஆசுபத்திரியில் கிடந்த நேரத்தில் மருமகனே தனியாக அடக்கம் பண்ணினார். அதற்குப் பிறகு அவள் அழவில்லை. போனில் பேசும்போது சிரிப்பாள், கொழுந்து எப்படி, மழை எப்படி என்று கேட்பாள், அந்தப் பேச்சை எடுத்தால் போன் கட்டாகிவிடும். மூன்று வருஷம் கழித்துத்தான் எனக்கு விசா கிடைத்தது.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் எங்கே இருந்தாலும் எங்கள் ஆட்களின் கல்லறைக்குப் போய்ப் புல்லைச் செதுக்கி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவோம். அந்தப் பிள்ளைக்கு அதை ஒரு தடவை செய்ய வேண்டும், என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அழ வைக்க வேண்டும். அதற்காகத்தான் போனேன். அழாத துக்கம் ஆளைத் தின்னும், நான் பார்த்திருக்கிறேன்.

போய் இறங்கிய அன்றைக்கே கேட்டேன்.

"ஏட்டி, பிள்ளையை எங்கன வச்சிருக்கு? ஒரு நட போயிட்டு வருவோமா?"

அவள் என் பெட்டியில் இருந்த ஏலக்காய்ப் பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டே, "யம்மா, நாளைக்குப் பெரிய கோயில் பாக்கப் போறோம். காலையில வெரசா எந்திரிக்கணும், இப்பத் தூங்கு" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் ஒரு இடம். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கோயில், ஒரு பாலம், ஒரு அருங்காட்சியகம். அவள் லீவு போட்டிருந்ததே என்னை ஊர் சுற்றிக் காட்டத்தானாம், வீட்டில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்துவிடக் கூடாது என்று எனக்குப் புரிந்தது. சேவியர் அடுப்படியில் மெதுவாகச் சொன்னார்.

"அத்தை, அவகிட்ட அதைக் கேக்காதீங்க. கேட்டா சாப்பிடமாட்டா."

"நீங்களாவது எந்த இடம்னு சொல்லுங்கய்யா. நான் மட்டும் போயிட்டு வாரேன்."

"அவளா கேக்குற வரைக்கும் யாருக்கும் சொல்லமாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவளுக்கே தெரியாது, அத்தை. எந்தத் திசைன்னுகூடச் சொல்லக் கூடாதுன்னுட்டா."

நல்ல மனுஷன். அவர் கண்ணைப் பார்த்த பிறகு நான் கேட்கவில்லை.

பெரிய கோயில் நம் புனிதர் முடியப்பருக்கு வைத்த கோயில். கூரை ஓட்டைப் பார்த்தால் கலர் கலராகப் பாய் பின்னிப் போட்ட மாதிரி இருக்கும். வாசலில் குதிரை வண்டிகள், வண்டிக்காரர்கள் உயரமான கறுப்புத் தொப்பி போட்டு ராஜா வீட்டு ஆட்கள் மாதிரி நிற்கிறார்கள், ஆனால் சாணி நாற்றம் நம் ஊர் நாற்றம்தான். நான் சேலைக்கு மேலே மருமகனுடைய கோட்டு, காலில் ஜெசியின் ஷூ, தலையில் குரங்குக் குல்லா. ஒரு சைனாக்காரப் பெண் என்னை போட்டோ எடுத்துக்கொண்டாள். ஜெசி சிரித்துக்கொண்டு, "யம்மா, குதிரையை விட்டுட்டு உன்னைத்தான் எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள். "குதிரைக்குக் கோட்டு இல்லைல்லா" என்றேன்.

இன்னொரு நாள் அந்த ஊர் ராஜாக்களின் சவப்பெட்டி எல்லாம் வைத்திருக்கிற நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் ஒரு பலகையில் படம் போட்டிருந்தது, பெரிய பெரிய பெட்டிகளுக்கு நடுவில் சின்னப் பெட்டிகள், கைக்குழந்தைக்குச் செய்தது மாதிரி. ஜெசி அதைப் பார்த்தாள். டிக்கெட் எடுக்கிற வரிசையில் நின்றவள் அப்படியே திரும்பி, "இங்க கூட்டமா இருக்கும்மா, காப்பி குடிப்போம்" என்று நடந்துவிட்டாள். கூட்டம் என்று யாருமே இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள்தான் அரண்மனைக்குப் போனோம். மஞ்சள் நிறத்தில் ஒரு மலை அகலத்துக்குக் கட்டிடம். உள்ளே அறை அறையாகப் போய்க்கொண்டே இருக்கிறது, எல்லாம் தங்கமும் கண்ணாடியும்.

"ஏட்டி, இத்தனை ரூமையும் யாரு பெருக்குவா?"

"அதுக்கு ஆளு இருந்திருக்கும்ல."

"அப்போ அந்த ஆளுங்க இருந்த லயம் எங்க? அதைக் காட்டமாட்டாங்களா?"

அவள் நிஜமாகவே சிரித்தாள். மூன்று வருஷத்தில் நான் கேட்ட முதல் நிஜச் சிரிப்பு அது. அந்தச் சிரிப்பை நம்பி, வெளியே தோட்டத்துக்கு வந்ததும் நான் மறுபடியும் வாயைத் திறந்துவிட்டேன். "நாளைக்குக் கல்லறைத் திருநாள்ட்டி" என்றேன். அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, சிலைகள் நிற்கிற குளம் மாதிரி இருக்கும், அதன் ஓரத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி என்னை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அரண்மனைக்குப் பின்னால் ஒரு சின்ன மலை, அதன் மேல் தூண் தூணாக ஒரு மண்டபம், ஓரமெல்லாம் செடிகளை மதில் மாதிரி நறுக்கி விட்டிருக்கிறார்கள். நம் தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் இடுப்பு உயரம், அது ஆள் உயரத்துக்கும் மேலே. ஒரு பெஞ்சில் என்னை உட்கார வைத்து, "இங்கனயே இரும்மா, கீழ போய்க் காப்பி வாங்கிட்டு வாரேன்" என்று போனாள். அவள் பையில்தான் என் போனும் இருந்தது.

அவள் போன கொஞ்ச நேரத்தில் மஞ்சு இறங்கியது. பனிமூட்டத்தை நாங்கள் மஞ்சு என்றுதான் சொல்வோம். எனக்கு அது புதுசில்லை, ஆனால் இவ்வளவு சத்தமில்லாமல் இறங்குகிற மஞ்சை நான் பார்த்ததில்லை. மண்டபம் போனது, செடி மதில் போனது, கடைசியில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறு முனை போனது. ஆட்கள் பேச்சும் நின்றுவிட்டது. காப்பி வாங்க இவ்வளவு நேரம் ஆகாது. எனக்கு அந்தத் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. அவள் நின்ற நிற்பு ஞாபகம் வந்தது. எழுந்து நடந்தேன், இரண்டு ஆள் என்னைத் தாண்டிப் போனார்கள், கேட்கப் பாஷை இல்லை, பாஷை இருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அப்படிப்பட்ட பிறவி நான். திரும்பினால் பெஞ்சு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காட்டில் மஞ்சு இறங்கினால் பக்கத்து நிரையில் நிற்கிறவள் முகம் தெரியாது, ஆனை நின்றாலும் தெரியாது. பேர் சொல்லிக் கூப்பிட முடியாது, ஒரு காட்டில் நாலு மேரி, மூணு செல்வி இருப்பார்கள், எல்லாரும் ஏன் ஏன் என்பார்கள். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு கூவல் உண்டு. எங்கள் வீட்டுக் கூவல் குட்டையாக ஒன்று, பிறகு இழுத்து மேலே தூக்கி ஒன்று. பதில் அதற்குத் தலைகீழ், முதலில் இழுத்து, பிறகு குட்டையாக வெட்ட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு அம்மாவைத் தேடிக் காட்டுக்கு வருகிற பிள்ளைகள் அதைக் கேட்டுக்கேட்டுப் பழகும். ஜெசிக்கும் அப்படித்தான் பழகியது. வேறு யாருக்கும் எங்கள் கூவல் வராது, பக்கத்து லயத்துக்காரிக்குக்கூட வராது.

ராஜா வீட்டுத் தோட்டம், வெள்ளைக்காரர்கள் நடமாடுகிற இடம், எனக்கு எவ்வளவு கூச்சம் என்று உங்களுக்குத் தெரியாது. முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு ஒரு தரம் மெதுவாகக் கூவினேன். ஒன்றும் இல்லை. பிறகு முக்காட்டை எடுத்துவிட்டு, காட்டில் கூவுகிற மாதிரியே கூவினேன்.

பதில் வந்தது.

இழுத்து ஒன்று, குட்டையாக ஒன்று. கீழே இருந்து வரவில்லை, மேட்டுக்குப் பின்பக்கம் மரங்களுக்குள் இருந்து வந்தது. எதிரொலி என்பீர்கள். எதிரொலி என்றால் நான் கூவியதுதானே திரும்பி வர வேண்டும், வந்தது பதில் கூவல். எனக்கு உயிர் வந்தது, அப்பாடா, ஜெசி அந்தப் பக்கம் நிற்கிறாள் என்று நடந்தேன். குரல் சின்னதாக இருந்தது, தூரத்தில் இருப்பதால் என்று நினைத்தேன். இன்னொரு தரம் கூவினேன், இன்னொரு தரம் வந்தது, கொஞ்சம் கிட்டத்தில். காலடியில் சருகு, பிறகு கல் பாவிய பாதை, பிறகு ஒரு இரும்புக் கதவு, திறந்துதான் கிடந்தது. வெளியே ஒரு ஒடுக்கமான ரோடு. கூவினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மதிலுக்குள் இருந்து வந்தது. கிட்டத்தில் வர வர அந்தக் குரல் பெரிதாகவில்லை. அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கிட்டத்தில் வந்தும் அது சின்னக் குரலாகவே இருந்தது, மூன்று வயசு, நாலு வயசுப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கூவுமே, கடைசியில் மூச்சுப் போதாமல் உடையுமே, அந்த மாதிரி. மஞ்சில் குரல் அப்படித்தான் ஏமாற்றும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நான் அந்த வாசலுக்குள் நுழைந்தேன்.

உள்ளே சிலுவைகள். கல்லறைத் தோட்டம். கிட்டத்தட்ட எல்லாக் கல்லறையிலும் சிவப்புக் கண்ணாடிக்குள் விளக்கு எரிந்தது, திருநாளுக்கு ஆட்கள் முன்னமே வந்து ஏற்றி வைத்திருக்கிறார்கள், மஞ்சுக்குள் சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தது. இன்னும் ஒரு தரம் கூவினேன். பதில் என் இடுப்பு உயரத்தில் வந்தது. எனக்கு முன்னால், நாலடி தள்ளி, இடுப்பு உயரத்தில். அங்கே யாரும் இல்லை.

பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. ஜெசி. கையில் காப்பிக் கப்பு இல்லை, முடி அவிழ்ந்து கிடந்தது, மூச்சு வாங்கியது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது இதுதான்.

"யம்மா, உனக்குப் பதில் குடுக்கிறது யாரு?"

நான் நின்றுவிட்டேன். "நீ இல்லையாட்டி?"

"நான் கீழ இருந்து உன் கூவலைக் கேட்டு ஓடி வாரேன். நான் ஒண்ணுமே கூவல. பதில் வருது, யம்மா, நம்ம பதில் வருது, நானும் கேட்டேன்."

இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். அந்த இடத்தில் கல்லறை எல்லாம் சின்னது, முழம் நீளம்தான், சிலதில் காற்றாடி குத்தி வைத்திருந்தது, சிலதில் பொம்மை. எங்கள் காலடியில் ஒரு மரச் சிலுவை, அதில் எழுத்து. எனக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. ஜெசி குனிந்து வாசித்தாள். வாசித்துவிட்டு நிமிரவே இல்லை, அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னட்டி எழுதியிருக்கு?"

"அந்தோணி" என்றாள். "அப்பா பேரு. எங்க ரெண்டு பேரு பேரும் கீழ இருக்கு."

என் வீட்டுக்காரர் பேர் அந்தோணி. ஆண் பிள்ளை என்றால் அப்பா பேர்தான் என்று அவள் வயிற்றில் இருந்தபோது சொல்லியிருந்தாளாம், சேவியர் அதை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார், அதுகூட அவளுக்கு அதுவரை தெரியாது.

அப்புறம் அவள் அழுதாள். எப்படி அழுதாள் என்று நான் எழுதப் போவதில்லை. நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அந்தச் சின்ன மேட்டில் கிடந்த சருகைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கிழவர் பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர் தன் விளக்கு ஒன்றை எங்கள் பிள்ளைக்கு ஏற்றி வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார். மஞ்சு விலகியதும் பார்த்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் அரண்மனை மேட்டு மரங்கள் தெரிந்தன.

சாயங்காலம் சேவியரிடம் சொன்னோம். அவர் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு சொன்னா உங்களுக்கு? நான் யாருகிட்டயும் சொல்லலயே, அத்தை. வேலைக்குப் போற வழியில நான் மட்டும்தான் அங்க இறங்கிட்டுப் போவேன்."

ஜெசி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அடுத்த நாள் திருநாளுக்கு மூன்று பேருமாகப் போனோம், பூ வைத்தோம், திரி கொளுத்தினோம். பிறகு ஊர் பார்க்க எங்கேயும் போகவில்லை. வீட்டிலேயே இருந்தோம், பேசினோம், அவள் ருசித்துச் சாப்பிட்டாள். நான் வந்த வேலை முடிந்தது என்று விமானம் ஏறினேன்.

முடிந்தது என்று நினைத்தேன். ஊருக்கு வந்து கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம் மேல்காட்டில் மஞ்சு இறங்கியது. நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே பெண்கள் கூவுகிறார்கள், பதில் வருகிறது, தினம் கேட்கிறதுதான். கடைசியில் யாரோ ஒருத்தி குட்டைகுட்டையாக மூன்று தரம் கூவினாள். கையில் துணியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அது முடிப்புக் கூவல். பதில் கொடுத்தவர் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. அசைந்தால் தேடி வருகிறவள் திசை மாறிப் பள்ளத்தில் போய் விழுவாள். வந்து சேர்ந்தவள் மூன்று தரம் கூவி முடித்தால்தான் நின்றவர் போகலாம். முகத்தை முகம் பார்த்துவிட்டாலும் கூவித்தான் முடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதான், மழை கொட்டினாலும் நில்லு, முடிப்புக் கேட்கிற வரை நில்லு என்று. அசைந்த பிள்ளைக்கு அடிகூட விழும்.

நான் கூவினேன். பதில் வந்தது. போய்ச் சேர்ந்தேன். முடிக்காமல் வந்துவிட்டேன். ஜெசி அழுத அழுகையில் எனக்கு அது தோன்றவே இல்லை, மறுநாள் போனபோதும் தோன்றவில்லை.

அன்றைக்கே வீடியோவில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஏட்டி, நீ போய் ஒரு தரம் முடிச்சு விட்டுருட்டி. நம்ம வீட்டுக் கூவல்தானே, நீ கூவினாலும் போதும்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள், திரை இருட்டாகிவிட்டது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

"முடிச்சா அவன் போயிருவான்லம்மா" என்றாள்.

"போகட்டும்டி. சின்னப் பிள்ளை, எவ்வளவு நேரம் நிப்பான்?"

"நான்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போறேன்ல."

போய் என்ன செய்கிறாள், அங்கே நின்று கூவுகிறாளா, கூவினால் என்ன வருகிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் இப்போது நன்றாக இருக்கிறாள், முகம் தெளிந்திருக்கிறது, அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. இது போன வருஷத்துக் கதை. ஜெபம் சொல்லும்போது அவள் முடித்து வைக்க வேண்டும் என்று கேட்பதா, வேண்டாம் என்று கேட்பதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிடுகிறேன்.

நேற்றும் கூப்பிட்டாள். ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டிக் காட்டினாள், அங்கே முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டிக் கிடக்கிறது, சின்னப் பிள்ளை நின்றால் இடுப்புக்கு வரும்.